உமியும் இரண்டு தம்ளர் தண்ணீரும்

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உமியைப் போட்டுக் கலக்கிக் காட்டுவதுதான் என் வேலை. விழுப்புரத்தில் ஒரு வயிற்று டாக்டரின் கிளினிக்கில் பல வருடங்கள் அதைச் செய்தேன். டோக்கன் கொடுப்பது, ஸ்கேன் அறைக்கு ஆள் கூட்டிப்போவது, தரை ஈரமாக இருந்தால் துடைப்பது என்று மற்ற வேலைகளும் உண்டு. ஆனால் யாராவது என்னைப் பற்றிச் சொல்லும்போது, "உமி கலக்குவாரே, அவரு" என்றுதான் சொல்வார்கள். முழங்கால் படியேற மறுத்ததால் போன வருடம் வேலையை விட்டேன்.

இப்போது என் இடத்தில் ஜோதி என்ற பெண் இருக்கிறாள். கிளினிக்கில் பெரிய டிவி வைத்து, உமி கலக்குவதை வீடியோவாக ஓட விடுகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். என்னைவிடச் சுத்தமாகக் கலக்குகிறார்கள். ஜோதிதான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, வீடியோ முழுசா பாத்துட்டு, எழுந்து நேரா எங்கிட்ட வந்து 'என்னாம்மா பண்ணணும்'னு கேக்கறாங்க. நீங்க இன்னா பேசுவீங்க, அத எழுதிக் குடுங்க." ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் எழுதித் தரச் சொல்கிறாளே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த உமிக்கு இசப்கோல் என்று பெயர். ஒரு செடியின் விதை மேல் இருக்கும் மெல்லிய தோல். பார்த்தால் தவிடு மாதிரி இருக்கும். ருசி கிடையாது. தண்ணீர் பட்டால் ஊறி வழவழவென்று ஆகிவிடும். கரையும் நார்ச்சத்து என்று டாக்டர் சொல்வார். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே வராத ஆள் நான். அப்படிப்பட்டவனுக்கு, 'வெளிக்கு எப்படிப் போகுது' என்று கேட்கிற இடத்தில் வேலை கிடைத்தது.

என்னைப் பழக்கியவர் ரோசலின் சிஸ்டர். கிளினிக்கின் நர்சுகளுக்கெல்லாம் மூத்தவர். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் ஒரு பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "இத நீ முதல்ல குடி. ஒரு வாரம் கழிச்சு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே சிஸ்டர்."

"ஒண்ணும் இல்லாதவன் குடிச்சாத்தான் என்னா ஆகுதுன்னு தெரியும்."

குடித்தேன். முதல் இரண்டு நாள் வயிறு உப்பியது. வீட்டில் என் பக்கத்தில் உட்கார யாரும் தயாராக இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. காலையில் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடலாம். ஒரு வாரம் கழித்து சிஸ்டரிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "அத அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடு. இல்லன்னா ரெண்டாம் நாளே நிறுத்திடுவாங்க" என்றார். என் படிப்பு அவ்வளவுதான்.

சிஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. "மருந்து சாப்பிட்டீங்களா?" என்று யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் எல்லோரும் "சாப்பிட்டேம்மா" என்றுதான் சொல்வார்கள். அவர் காலித் தம்ளரையும் உமி டப்பாவையும் தண்ணீர்ச் செம்பையும் அவர்கள் முன்னால் வைப்பார். "வீட்ல எப்படிக் குடிச்சீங்களோ, அப்படியே ஒரு தடவ குடிச்சுக் காட்டுங்க" என்பார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தப்பாகச் செய்தாலும் முகம் மாறாது. முழுக்கப் பார்த்துவிட்டு, "சரி, இப்ப தம்பி பண்றதப் பாருங்க" என்று என்னைக் கூப்பிடுவார்.

நான் செய்வது இதுதான். முதலில் தண்ணீர். முழுத் தம்ளர். அப்புறம் உமி. உமியை முதலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடியில் கட்டி பிடித்துக்கொள்ளும். ஸ்பூனால் சுற்றிக் கலக்க வேண்டும். கலக்கிய கையோடு, கெட்டியாவதற்கு முன்னால் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் அதே தம்ளரில் இன்னொரு முழுத் தண்ணீர். இந்த இரண்டாவது தம்ளர்தான் முக்கியம். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை எதையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். விழுங்கவே சிரமப்படுகிறவர்கள், ரத்தம் போகிறவர்கள், திடீரென்று வயிற்றுவலியோடு வாந்தி எடுக்கிறவர்கள் உமியைத் தொடாமல் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

திருவாமாத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். தினமும் கேப்பைக் கூழ் குடித்து வயலுக்குப் போகிறவர்கள். சிஸ்டர் தம்ளரை வைத்ததும், அந்த அம்மா உமியைக் கலக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "குடிங்கம்மா" என்றதற்கு, "இரு, இறுகட்டும்" என்றார்கள். வீட்டில் முதல் நாள் ராத்திரியே ஒரு குண்டானில் கரைத்து வைத்து, காலையில் களிபோல ஆனதும் வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். "கூழுன்னா ஊறணும். ஊறாத கூழு வயித்த வலிக்கும். இது கூட உங்களுக்குத் தெரியலியே?" என்று எங்களையே கேட்டார்கள். அன்றைக்குத்தான் சிஸ்டர் சிரித்து நான் பார்த்தேன்.

இன்னொரு விஷயத்தையும் ஜோதி தெரிந்துகொள்ள வேண்டும். இது பேதி மருந்து இல்லை. நம் ஜனங்கள் ராத்திரி குடித்தால் விடிகாலையில் கொட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாளே இரட்டை மடங்கு போடுவார்கள். இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்ல வேண்டும். டாக்டர் விவசாயிகளிடம் வேர்க்கடலையை வைத்து ஒரே மாதிரிதான் சொல்வார். "காஞ்ச கொல்லையில மல்லாட்டை புடுங்க வருமா? ஈரம் இருந்தா கையோட வரும். உமி வேலை அந்த ஈரத்தப் பிடிச்சு வெக்கறது. தண்ணி ஊத்த வேண்டியது நீங்க." அடிக்கடி இளக்கமாகப் போகிறவர்களுக்கும் அவர் இதே உமியைச் சில சமயம் எழுதுவார். அதிகமாக இருக்கும் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும் என்பார். கொழுப்பும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் கொஞ்சம் குறையும் என்றும் சொல்வார். ஆனால் அதற்காக மாத்திரையை நிறுத்தினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

இனி ஏழுமலையின் கதை.

ஏழுமலை விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ் டிரைவர். கிளினிக்கில் அவர் உட்காரவே இல்லை. சுவரில் சாய்ந்து நின்றார். நான் நாற்காலியைக் காட்டியபோது, "அந்தக் கஷ்டத்துக்குத்தான் வந்துக்கிறேன், அண்ணே" என்றார். மலச்சிக்கல் முற்றி ஆசனவாயில் வெடிப்பு வந்திருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கண்ணாடித் துண்டு அறுக்கிற மாதிரி வலி. அப்புறம் நாள் முழுக்க அந்தப் புண்ணின் மேலேயே உட்கார்ந்து வண்டி ஓட்ட வேண்டும். டாக்டர் தடவுவதற்கு மருந்தும், காலையும் மாலையும் உமியும் எழுதி, வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொன்னார். இதில் ஆறவில்லை என்றால் ஆபரேஷன் என்றார்.

ஏழுமலைக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அவர் நெளிந்து நெளிந்து ஓட்டுவதையும் அடிக்கடி லீவு போடுவதையும் பார்த்து, பஸ் முதலாளி பொங்கல் வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அதற்குள் சரியாகவில்லை என்றால் வண்டி வேறு டிரைவருக்கு. ஏழுமலைக்கு ஷெட்டில் வண்டி கழுவுகிற வேலை. கிளீனராகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி ஸ்டியரிங் பிடித்தவர் அவர். "திரும்ப பக்கெட்டத் தூக்கறதுக்கு, நான் ஊர விட்டே போய்டுவேன்" என்றார்.

நான் கலக்கிக் காட்டினேன். அவரும் என் எதிரிலேயே சரியாகக் கலக்கி, இரண்டு தம்ளரும் குடித்தார். சிஸ்டரும் பார்த்தார்.

சில வாரம் கழித்து வந்தார். இன்னும் மோசம். வயிறு கல் மாதிரி. வலியில் முகம் கறுத்திருந்தது. "ஒரு வேள கூட வுடல டாக்டர். எங்க ஆத்தா மேல சத்தியம்." டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, படம் எடுத்து, அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். சிஸ்டர் தம்ளரை வைத்தார். ஏழுமலை மறுபடியும் சரியாகவே குடித்துக் காட்டினார். சிஸ்டர் வெகுநேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல எங்க வெச்சுக் குடிக்கிறீங்க?"

"வீட்ல எங்க சிஸ்டர்? டிபன் திண்டிவனத்துல. சாயங்காலமும் வண்டியிலதான்."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பலராமா, நாளைக்கு உனக்கு இங்க வேலை இல்ல. இவரு வண்டியில போய்ட்டு வா. வாயக் கேக்காத. கையப் பாரு."

மறுநாள் அவர் பஸ்ஸின் முதல் நடையில் ஏறினேன். கண்டக்டர் பெயர் பாஷா. ஏழுமலையோடு ஒன்றாகக் கிளீனராக இருந்தவர். விஷயம் தெரிந்ததும், "டாக்டர் வூட்டு ஆளா? வா வா, டிக்கெட் வாணாம். எங்க ஆள ரிப்பேர் பண்ணிக் குடு" என்று முன் சீட்டில் உட்கார வைத்தார். வண்டி விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிப் போனது. ஏழுமலை வலது தொடையில் பாரம் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டினார். அவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. என்ஜின் சூட்டில் கொதித்துக் கிடந்தது. அவர் அதைத் தொடவே இல்லை.

திண்டிவனத்தில் இறங்கி நாலு இட்லி சாப்பிட்டார். சுற்றிலும் மற்ற வண்டி டிரைவர்கள். பாக்கெட்டிலிருந்து உமியை எடுத்து உள்ளங்கையில் கொட்டினார். நாட்டு மருந்துக் கடைச் சூரணத்தைப் போடுவது போல அண்ணாந்து வாயில் போட்டார். மேலே ஒரு வாய் டீ. அவ்வளவுதான். ஓடி வந்து வண்டியில் ஏறிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொண்டையிலேயே ஊறி அடைத்துக்கொண்டால் என்ன ஆவது?

"ஏங்க, தண்ணி?" என்றேன்.

"இன்னாண்ணே நீங்க. அங்க ஸ்பூன் வெச்சுக் கலக்கிக்கினு நின்னா, 'கெழவன் பேதிக்குக் குடிக்கறான்'னு ஓட்டுவானுங்க. அப்புறம் தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். எங்க போறது? நமக்குப் பின்னாலயே அடுத்த வண்டி வந்துக்கினு இருக்குது. ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தா, தனசேகர் ஆரன் அடிச்சே ஊரக் கூட்டிடுவான். நாங்க யாரும் பகல்ல தண்ணி குடிக்க மாட்டோம். மருந்து மருந்துதான? தண்ணி கம்மியா இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா வேலை செய்யும்னு நெனச்சேன்."

தனசேகர் அடுத்த வண்டியின் டிரைவர். அவர் அப்போதே ஆரன் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

எல்லாவற்றையும் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தண்ணீரே இல்லாத வயிற்றில் உமி போய் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சி, களிமண் மாதிரி இறுகியிருக்கிறது. இரண்டு மூன்று நாள் உமியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் குடிக்கச் சொன்னார். அப்புறம் அரை ஸ்பூனில் ஆரம்பிக்க வேண்டும். உமி பஸ்ஸுக்குள்ளேயே வரக் கூடாது. வேலைக்குக் கிளம்புமுன் வீட்டில் ஒரு வேளை. கடைசி நடை முடிந்து வீட்டில் ஒரு வேளை. பகலில் தண்ணீர். "பகல் தண்ணிக்கு வழி பண்ணாம இந்த மனுசன் தேற மாட்டாரு" என்றார் டாக்டர்.

அந்த வழியைப் பண்ணியது பாஷா. நான் மறுபடியும் திண்டிவனம் போனபோது, அவர் நேராகத் தனசேகரின் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

"தனசேகரு, இங்க எங்களுக்கு ரெண்டு நிமிஷம் வுட்டுக் குடுய்யா."

"ஏன், உங்க டிரைவருக்கு சீட்டு சுடுதா?" மேலே இருந்து சிரித்தார்.

"ஆமாய்யா, சுடுது. அவன் ஒண்ணுக்குப் போய்ட்டுத் தண்ணி குடிச்சுட்டு வரணும். அதுக்கு பதிலா, திரும்பி வர்ற நடையில காலேஜ் ஸ்டாப்புல நிக்கற கூட்டத்த நீ ஏத்திக்கோ. நாங்க நிறுத்த மாட்டோம்."

தனசேகர் யோசித்தார். காலேஜ் ஸ்டாப் கூட்டம் என்றால் ஒரு வண்டி நிறைய ஆள். "முதலாளிக்குத் தெரிஞ்சா உன்ன உரிச்சுடுவாரு" என்றார்.

"உரிக்கட்டும். இவன் ஷெட்டுக்குப் போனா, எனுக்கு வேற டிரைவரோட ஓட்டத் தெரியாதுய்யா."

தனசேகர் சரி என்று தலையாட்டினார். அன்றிலிருந்து பாஷா பானைத் தண்ணீர் நிரப்பிய பெரிய பாட்டில் ஒன்றை என்ஜின் சூடு படாமல் பின் சீட்டுக்கு அடியில் வைத்தார். ஒவ்வொரு பெரிய நிறுத்தத்திலும் அதை முன்னால் எடுத்துப்போய், "குடி" என்று அதட்டுவார். குடித்து முடிக்கும் வரை விசில் ஊத மாட்டார்.

முதலில் ஏழுமலை போனில் என்னைத் திட்டினார். "அண்ணே, வயிறு டமாரம் மாதிரி இருக்குது. வண்டில ஜன்னல் எல்லாம் தொறந்து வெக்கச் சொல்றான் பாஷா. இது இன்னா பேஜாரு!" காற்று பிரியும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் நிறுத்தாமல் குடித்தார். அரை ஸ்பூன் முக்கால் ஆனது, பிறகு ஒன்று ஆனது. ஒரு நாள் அதிகாலை போன் அடித்தது. பதறிப்போய் எடுத்தேன்.

"அண்ணே! தெரியவே இல்லண்ணே!"

"என்னாது?"

"போனதே தெரியல! ஒரு வலி இல்ல, ஒண்ணும் இல்ல. உக்காந்தேன், எழுந்தேன். எம் பொண்டாட்டிய எழுப்பிச் சொன்னேன், அவ 'அதுக்கா எழுப்பினே'ன்னு அடிக்க வரா!"

நான் போனைப் பிடித்தபடி இருட்டில் தனியாகச் சிரித்தேன். ஆனால் ஒரு நாள் நன்றாகப் போனால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறும் வரை விடாமல் இளக்கமாகப் போக வேண்டும். அதையும் சொன்னேன். அவர் விடவில்லை. மார்கழி முழுவதும் வெந்நீர்த் தொட்டியும் உமியும் பாஷாவின் பாட்டிலுமாகப் போனது. டாக்டர் பார்த்துவிட்டு, புண் மூடி வருகிறது, கத்தி வேண்டாம் என்றார்.

பொங்கல் முடிந்து முதலாளி பஸ்ஸில் ஏறினார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். ஏழுமலை கூப்பிட்டிருந்ததால் நானும் இருந்தேன். சிஸ்டரும் அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போக அதே வண்டியில் ஏறினார். முதலாளி ரோட்டைப் பார்க்கவில்லை. ஏழுமலையின் இடுப்பையே பார்த்தார். ஏழுமலை இரண்டு தொடையிலும் சமமாக உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி ஓட்டினார். டோல்கேட்டின் வேகத்தடைகளில் வண்டி குதித்தபோது பாஷா கண்ணை மூடிக்கொண்டார். ஏழுமலையிடம் ஒரு நெளிவும் இல்லை. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஒரு பாட்டுக்கு விசில் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

திண்டிவனத்தில் அவர் இறங்கிப் போய், ஒண்ணுக்குப் போய், தண்ணீர் குடித்து, திரும்பி வந்து சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தச் சத்தம் முதலாளிக்கே கேட்டது.

"என்னாய்யா, ஆபரேஷன் பண்ணிக்கினியா?"

"இல்ல மொதலாளி."

"அப்புறம்?"

ஏழுமலை திரும்பி என்னைக் காட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார். திரும்பும் நடைக்கு ஏறியிருந்த கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. "இன்னா மருந்து குடுத்த, சொல்லு" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஊர் வந்தும் இறங்காமல் கடைசி சீட்டிலேயே இருந்த சிஸ்டரைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

எழுந்து நின்றேன். பாஷாவின் பாட்டிலை வாங்கினேன். ஒரு பாட்டியம்மா தன் சில்வர் தம்ளரைக் கொடுத்தார்கள். உமிப் பாக்கெட்டும் ஸ்பூனும் என் பையில்தான் இருந்தன. முதலில் தண்ணீர், அப்புறம் உமி என்று ஆரம்பித்தேன். டாக்டர் எழுதித் தந்ததை நான் கலக்கிக் காட்டினேன், அவ்வளவுதான் என்றேன். மலம், காற்று, வெடிப்பு என்று எல்லா வார்த்தைகளையும் வண்டிக்குள் உரக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவர், "இன்னொரு தடவ சொல்லு தம்பி, ரெண்டாவது தம்ளர் எதுக்கு?" என்று கேட்டார். ஒரு அம்மா, சர்க்கரை மாத்திரையோடு குடிக்கலாமா என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். முதலாளி புதிதாக ஒரு தம்ளர் கலக்கச் சொல்லி, உடனே வாங்கிக் குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நாளையிலேந்து இல்ல, இப்பலேந்தே வண்டி உன்னுதுதான். எடு" என்று ஏழுமலையின் தோளில் தட்டினார்.

எடுக்க முடியவில்லை. எனக்கு இன்னும் கேள்விகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு நிமிஷமும் எப்போதோ தாண்டிவிட்டது. பின்னால் தனசேகர் விடாமல் ஆரன் அடித்தார். பாஷா படிக்கட்டில் தொங்கி, வெளியே தலையை நீட்டிக் கத்தினார்:

"ஏய் இருய்யா! உனுக்கும் சேத்துத்தான் சொல்லிக்கினு இருக்காரு!"

ஆரன் நின்றது. கொஞ்ச நேரத்தில் பின் வண்டியின் என்ஜின் சத்தமும் நின்றது. தனசேகர் இறங்கி வந்து எங்கள் படிக்கட்டில் ஒரு காலை வைத்து நின்றார். "மொதல்லேந்து சொல்லுங்கண்ணே" என்றார்.

நான் தம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன்.